பன்னிரண்டு கோடியே ஒன்று

லாவோஸில் ரயில் ஏறப் போன இடத்தில் என் கொசு மருந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

சீருடை போட்ட சின்னப் பெண்தான். பை மெஷினுக்குள் போய் வந்தது. திரையைப் பார்த்தாள், பைக்குள் கையை விட்டாள், நேராக ஸ்ப்ரே டப்பாவை எடுத்துப் பக்கத்துக் கூடையில் போட்டாள். கூடையில் ஏற்கெனவே ஏகப்பட்ட டப்பா கிடந்தது. சென்ட், ஷேவிங் நுரை, தலைமுடிக்கு அடிக்கிறது. போனால் போகட்டும் என்று நகர்ந்தால், நிற்கச் சொல்லிக் கைகாட்டி அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே பன்னிரண்டு சாம்பிராணி கப். கறுப்பாக, வரிசையாக, பார்க்க வெடி மாதிரியே இருக்கும். இந்த ஊர் ஜெயிலுக்கு என் வீட்டுக்காரர் எப்படி வந்து என்னைப் பார்ப்பார், அவருக்கு பாஸ்போர்ட்டே இல்லையே என்பது வரைக்கும் யோசனை ஓடிவிட்டது.

அவள் ஒரு கப்பை எடுத்து மோந்தாள். கண்ணை மூடினாள். பக்கத்து மெஷினில் இருந்தவளைக் கூப்பிட்டு அவளையும் மோந்து பார்க்கச் சொன்னாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கப் கொடுத்தேன். கொசு மருந்தைத் திருப்பித் தருவார்களோ என்று ஓர் ஆசை. தரவில்லை.

நான் ஸ்டெல்லா. வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பின்பக்கம். பட்டறை பொம்மனஹள்ளியில். எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஊதுவத்தியில் ஆரம்பித்தது, இப்போது முக்கால்வாசி சாம்பிராணி கப்தான். நாங்கள் அரைக்கிற நல்ல சாம்பிராணி லாவோஸ் மலையில் மரத்தைக் கீறினால் வடிகிற பிசின். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த நாட்டை மேப்பில் காட்டத் தெரியாது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பிசினை மோந்து முதல் தரமா, இரண்டாம் தரமா என்று சொல்லிவிடுவேன்.

போன வருஷத்திலிருந்து தரகர் இல்லாமல் நேராக வாங்குகிறேன். விற்கிறவர் சந்தாலா என்கிற அம்மா, லுவாங் பிரபாங் ஊர்க்காரர். மலைக் கிராமங்களில் பிசின் எடுக்கிறவர்களிடம் சேர்த்து வாங்கி விற்கிறார். அவர் தம்பி சோம்போன் மைசூரில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவர். அவர் வழியாகத்தான் எங்கள் பேச்செல்லாம்.

முதல் தடவை டாலரில் அனுப்பினேன். போகிற வழியில் இரண்டு பேங்க் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டது. அங்கே போய் அவர்கள் ஊர்க் காசான கிப்பாக மாறும்போது இன்னும் கொஞ்சம் போனது. சந்தாலா மலைக்காரர்களிடம் விலை பேசியிருந்தது கிப்பில். குறைந்ததைத் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். "இனிமே கிப்லயே அனுப்புங்க அக்கா" என்று சோம்போன் எழுதினார். நியாயம்தானே?

ஆனால் கிப்புக்கு எங்கே போவது? அல்சூரில் என் பேங்க் ஆபீசர், "டாலர், யூரோ, பவுண்ட், ரியால் எல்லாம் பண்ணலாம் மேடம். இதென்னது, ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்லயே இல்ல" என்றார், ஏதோ நான் வீட்டில் அச்சடித்த நோட்டு மாதிரி.

கடைசியில் கோரமங்களாவில் ஒரு கம்பெனி கிடைத்தது. இந்த மாதிரி சின்ன நாட்டுக் காசிலும் அனுப்பித் தருகிறார்கள். அங்கே ரம்யா என்று ஒரு பெண். பொறுமைசாலி. "நாங்க இங்க ரூபாய் வாங்கிக்குவோம். அந்த ஊர்ல எங்களுக்கு ஒரு பேங்க் இருக்கு, அவங்க கிப்பா போடுவாங்க. ரேட் இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். பில்லும் தொகையும் ஒத்துப் போகணும் மேடம். திரும்பி வந்துச்சுன்னா மூணு வாரம் ஆகும். போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை மாத்தின நஷ்டம் உங்க தலையிலதான். டாலர் மாதிரி இதை வாங்க ஆள் வரிசையில நிக்கல" என்றாள்.

பில் பன்னிரண்டு கோடி கிப். பயந்துவிடாதீர்கள், நம்ம காசுக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. முழுப் பணமும் முன்னாலேயே போக வேண்டும், பிறகுதான் சரக்கு. காலையில் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, வழக்கம்போல ஒன்று கூட்டிப் போட்டு, ரம்யா முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

பத்து நாளாகியும் பணம் சேரவில்லை. பிறகு அங்கே உள்ள பேங்கிலிருந்து ஒரு வரி வந்தது: ஆவணம் பொருந்தவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம். எந்த ஆவணம்? யாருக்கும் தெரியவில்லை. இரண்டு தரப்பும் லுவாங் பிரபாங் கிளைக்கு வந்து விளக்கம் தரலாம் என்று மட்டும் ரம்யாவுக்குப் பதில் வந்தது. இங்கே பட்டறையில் கடைசி மூட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே சந்தாலா வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"நீயே போய்ட்டு வா. இங்க உக்காந்து நீ கவலைப்படற செலவுக்கு டிக்கெட் மலிவு" என்றார் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம்.

இப்படித்தான் நான் முதல் தடவையாக வெளிநாடு போனேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லுவாங் பிரபாங் வந்து இறங்கினேன். ரயில் நிலையம் ஊருக்கு ரொம்ப வெளியே, வயலுக்கு நடுவில் இருக்கிறது. நம்ம ஏர்போர்ட் மாதிரிதான், பெயர் மட்டும் ஊர்ப்பெயர். வேனில் பத்துப் பேரை அடைத்துக் கூட்டிப் போனார்கள். ஊர் சின்னது, சுத்தமானது. இரண்டு ஆறு சேர்கிற இடம். ஹாரன் சத்தமே இல்லை. ஓசூர் ரோட்டுப் பக்கமே கிடந்தவளுக்கு அந்த அமைதி பயமாக இருந்தது, ஏதோ நடந்துவிட்ட ஊர் மாதிரி.

புதன்கிழமை காலையில் சந்தையில் சோம்போனைப் பார்ப்பதாகப் பேச்சு. ரோட்டோரம் நின்று, கை காட்டி நிறுத்திய வண்டியில் ஏறினேன். பெரிய ஆட்டோ மாதிரி, பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு. "மார்க்கெட்" என்றேன், ஓட்டுகிறவர் தலையாட்டினார். வண்டி ஊரை விட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தது. கூட உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையில் துண்டும் குளிக்கிற உடுப்பும். விசாரித்தால் எல்லாரும் அருவிக்குப் போகிறார்கள். அங்கே வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடுகிறது. நான் நம்ம ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் நின்றிருக்கிறேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஓட்டுகிறவர் காசு வாங்கவில்லை. "போ பென் ஞாங்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்த ஊரில் ஒரு நாளைக்கு நூறு தடவை அதைச் சொல்கிறார்கள். குழம்பு கொட்டினால் போ பென் ஞாங், வண்டி பஞ்சரானால் போ பென் ஞாங். நான் அல்சூரில் ஆரோக்கியத்தோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவள். இது எனக்குப் புதிது இல்லை. ஒரு நாடே ஆரோக்கியமாக இருப்பதுதான் புதிது.

அரை மணி நேரம் நடந்த பிறகு சோம்போன் பைக்கில் தேடி வந்தார். குட்டை ஆள், எப்போதும் சிரிப்பு. இங்கிலீஷும் கொஞ்சம் கன்னடமும் கலந்து பேசுவார், அதை நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். "அக்கா, சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லிக் கன்னடத்தில் சிரித்து, பின் சீட்டைத் துடைத்துக் காட்டினார்.

சந்தையில் சாப்பிட உட்கார்ந்தோம். மூங்கில் கூடையில் ஒட்டுகிற சோறு வந்தது. விரலால் கிள்ளி உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டு வாயில் போட வேண்டும். எனக்கு எங்க ஊர் ராகி முத்தே, அந்தக் களி உருண்டை, ஞாபகம் வந்தது. அதை மெல்லாமல் விழுங்குவோம், இதை மெல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆற்றுப் பாசியைக் காயவைத்து எள்ளு தூவிப் பொரித்துக் கொடுத்தார்கள், அப்பளத்துக்குத் தங்கச்சி. பச்சைப் பப்பாளியைச் சீவி இடித்துக் கொடுத்ததில் ஊறவைத்த மீன் விழுது சேர்த்திருந்தார்கள். வாசனையிலேயே தெரிந்துவிட்டது, இது நம்ம கருவாட்டுச் சாதிதான். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பில் அறுபதாயிரம் கிப். கையில் இருந்த கட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. எல்லா நோட்டிலும் பூஜ்யம்தான். "இங்க எல்லாரும் லட்சாதிபதி அக்கா, பாக்கெட்தான் கிழியுது" என்றார் சோம்போன்.

"ஒரு கிப் நோட்டு எப்படி இருக்கும்?"

"நான் பொறந்ததிலேர்ந்து பாத்ததில்ல. ஐநூறே யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

அதற்குப் பிறகு சந்தாலா வீடு. வாசலுக்குப் போகும் முன்னாலேயே வாசனை வந்து கூப்பிட்டது. அங்கே அக்காவை 'எவாய்' என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். சந்தாலா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லி, அதிகம் சிரிக்கவில்லை. சாக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வெளியே மஞ்சள், உடைத்தால் உள்ளே பால் வெள்ளை, பாதாம் பருப்பு மாதிரி. முதல் தரம். நான் மோந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பிறகு பேசினார். சோம்போன் மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மலையிலேர்ந்து பதினாலு குடும்பம் இறங்கி வரும். காசு இல்லைன்னா சாக்கைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. சனிக்கிழமை வேற ஒருத்தனோட லாரி வருது, அவன் கையில நோட்டு வெச்சிருப்பான். சரக்கு போனா உங்களுக்கு ஒரு வருஷம் போகும். எனக்கு அடுத்த வருஷமும் போகும். அப்புறம் அவங்க என் வாசலுக்கு வர மாட்டாங்க."

நான் 'போ பென் ஞாங்' சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பேங்க் திறக்கும்போது நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். என் ஃபைலில் பட்டறை லைசென்ஸ், ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், கல்யாண சர்டிபிகேட், போதாததற்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டும் இருந்தது. எந்தப் பேப்பர் பொருந்தவில்லை என்று தெரியாதபோது எல்லாவற்றையும் கொண்டுபோவதுதானே புத்தி.

அதிகாரி முப்பது வயதுப் பெண். அவர்கள் கட்டுகிற பாவாடையின் கரை நம்ம பட்டுச் சேலைக் கரை மாதிரியே இருந்தது. வேறு நாளாக இருந்தால் விலை கேட்டிருப்பேன். ஃபைலை நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டே தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சந்தாலாவின் பில். இன்னொன்று வந்த பணத்தின் விவரம். பேனா மூடியால் கடைசி எண்ணைத் தட்டினார்.

"இந்த ஒண்ணு எதுக்கு?"

பில் பன்னிரண்டு கோடி. வந்தது பன்னிரண்டு கோடியே ஒன்று.

அந்த வரி வந்த நாளிலிருந்து பெயரா, விலாசமா, கையெழுத்தா என்று ராத்திரி பகலாக யோசித்தேன். இது மட்டும் தோன்றவே இல்லை. பில்லோடு ஒத்துப் போகணும் என்று ரம்யா சொன்னாளே என்றால், குறைந்தால்தானே தப்பு, கூடினால் என்ன என்று இருந்துவிட்டேன்.

"எங்க ஊர்ல பூஜ்யத்துல முடிச்சு யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்றேன். "கல்யாணத்துக்கு ஐநூத்தி ஒண்ணு. கோயிலுக்கு நூத்தி ஒண்ணு. அந்த ஒண்ணு இருந்தாத்தான் இன்னும் தொடரும்னு."

சோம்போன் ரொம்ப நேரம் விளக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை.

"வட்டியா?"

"இல்ல."

"கமிஷனா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப எதுக்கு?"

"நல்லதுக்கு."

சோம்போன் மொழிபெயர்த்தார். அதிகாரி ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். "நல்லதுக்குன்னு இதுல ஒரு கட்டம் இல்லையாம் அக்கா. ஒரு கிப்போ ஒரு கோடியோ, வெளிநாட்டிலேர்ந்து வந்தா எதுக்குன்னு இருக்கணுமாம். இல்லைன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பணுமாம்."

"அந்த ஒண்ணை மட்டும் எனக்குக் கொடுத்துடச் சொல்லுங்க."

"ஒரு கிப் நோட்டு கிடையாதே."

"அப்ப வேண்டாம், அவங்களே வெச்சுக்கட்டும்."

சோம்போன் இதை மொழிபெயர்த்த பிறகு முகம் மாறித் திரும்பினார். "லஞ்சம் கொடுக்கறீங்களான்னு கேக்கறாங்க."

வேர்த்துவிட்டது. அந்தக் குளிரில், ஏசிக்குக் கீழே. மூன்று வாரம், இரண்டு தடவை மாற்றின நஷ்டம், பதினாலு குடும்பம், எட்டுப் பெண்கள். எல்லாம் நான் சேர்த்த ஒன்றால்.

பக்கத்தில் இருந்த சந்தாலா, தன் பில்லைக் கேட்டு வாங்கினார். அதில் இரண்டு வரி இருந்தது: முதல் தரப் பிசின், இரண்டாம் தரப் பிசின். அதற்குக் கீழே பொறுமையாக மூன்றாவது வரி எழுதினார். மொத்தத்தை அடித்துத் திருத்தினார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், அதிகாரி பக்கம் தள்ளினார்.

"என்ன எழுதினாங்க?" என்றேன்.

சோம்போன் படித்தார். "பருத்தி நூல், வெள்ளை. எண்ணிக்கை ஒண்ணு. விலை ஒரு கிப்."

அங்கே விசேஷம் என்றால் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துவது வழக்கம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றதற்கு அப்படி ஒரு விசேஷம். அதற்கு வாங்கின நூல்கட்டு சந்தாலாவின் பையில் இருந்தது. ஒன்றை உருவி, என் கையைப் பிடித்து, நூலால் உள்ளங்கைப் பக்கம் ஒரு தடவை, புறங்கைப் பக்கம் ஒரு தடவை தடவினார். கெட்டது போக, நல்லது வர. பிறகு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். முடிச்சைக் கத்திரியால் வெட்டக் கூடாதாம்.

அதிகாரி என் மணிக்கட்டைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.

"சரக்கு ஒப்படைச்சாச்சான்னு கேக்கறாங்க" என்றார் சோம்போன்.

"ஆயித்து" என்றேன். பதற்றத்தில் 'ஆச்சு' என்பது கன்னடத்தில் வந்துவிட்டது.

"இனிமேல் பில்லில் இருப்பதை மட்டும் அனுப்புங்கள்" என்று அதிகாரி இங்கிலீஷில் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "போ பென் ஞாங்." அந்த வார்த்தை அவ்வளவு இனிப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பணம் ஏறியது. மலைக்காரர்கள் அதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கூடை, குழந்தை, கோழி எல்லாவற்றோடும். சந்தாலா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒரு பெரியவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "இவ்வளவு பிசினை வாங்கிட்டுப் போய் இவங்க என்ன பண்றாங்கன்னு கேக்கறார்" என்றார் சோம்போன். மிச்சமிருந்த சாம்பிராணி கப்பில் ஒன்றைப் பற்றவைத்து வாசலில் வைத்தேன். புகை எழும்பியது. அந்தப் பெரியவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "கரி கலந்திருக்கீங்க" என்றார். பொய் சொல்ல முடியவில்லை. கலந்துதான் இருக்கிறோம்.

பெங்களூர் வந்து ஐந்து வாரம் கழித்து, ஒயிட்ஃபீல்டிலிருந்து போன். சரக்கை கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட் நாகராஜ்.

"அக்கா, பில்லுல மூணு ஐட்டம் இருக்கு. பிசின் ரெண்டு வந்திருக்கு. நூல் எல்லி?"

"அது என் கையில இருக்குப்பா."

"கையிலன்னா?"

"மணிக்கட்டுல."

"அக்கா, நான் சாப்பிட்டுட்டு கூப்பிடறேன்."

அவர் சாப்பிட்டிருப்பார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நூல் அழுக்கேறி, நைந்து, எப்போது அறுமோ என்கிற நிலையில் இருந்தது. அறுந்தால் ஆதாரமும் போச்சு. குளிக்கும்போது பாலிதீன் பை கட்டிக்கொண்டு குளித்தேன். "ஒரு நூலுக்கு கவர்மென்ட் உன்னை என்ன பண்ணிடும்?" என்றார் ஆரோக்கியம். அவருக்கென்ன, அந்த நாட்டிலேயே பிறந்திருக்க வேண்டியவர்.

மூன்றாவது நாள் நாகராஜ் ஒரு போட்டோ அனுப்பினார். சாக்குகளை அடுக்கிலிருந்து இறக்கும்போது கிடைத்ததாம். முதல் சாக்கின் வாயில், தையலுக்கு மேலே, வெள்ளைப் பருத்தி நூல் ஒன்று சுற்றி மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: "மூணும் மேட்ச் ஆயித்து அக்கா. லாரி ஏத்திட்டேன்."

சந்தாலாதான். யாரும் சொல்லாமல், அவராக யோசித்து.

சாக்கு வந்ததும் அந்த நூலை முடிச்சு அவிழ்த்து எடுத்து, பட்டறை மெஷினில் கட்டினேன். எட்டுப் பெண்களும் அன்று சத்தமாகப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சாயங்காலம் டீயோடு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் காசு கொடுத்தது ஒரு நூலுக்கு. வந்தது இரண்டு.

கோரமங்களாவுக்கு போன் போட்டேன். "ரம்யா, லாவோஸுக்கு ஒரே ஒரு கிப் அனுப்பணும். முடியுமா?"



"மேடம்," என்றாள் ரம்யா, "பில் இருக்கா?"